இடதுபக்க ஸ்பீக்கர்

வாங்க அண்ணாச்சி, செருப்பு அங்கனயே கிடக்கட்டும். மதுரையிலருந்து பஸ்ல வந்திருக்கீங்க, செத்த நேரம் ஏசியில இருங்க. காப்பி இப்ப வந்துரும். அதுக்குள்ள விஷயத்தச் சொல்லீருதேன். ஏன்னா இது வெறும் ரிப்பேர் இல்ல. ஒரு ஆள் வேணும்னு செஞ்ச வேலை.

இந்தா, மேசைக்கு இடது பக்கம் நிக்குதே, இந்த ஸ்பீக்கர்தான். வலது பக்கத்துல ஒரு கோளாறும் கிடையாது. பிளக்கப் புடுங்கி வச்சிட்டேன், நீங்க பாட்டுக்குக் கழட்டுங்க. நாலு மணிக்கு டைரக்டர் சங்கரபாண்டி வாராரு. இப்ப மணி பதினொண்ணு. ரெண்டு தடவ அவரு படத்துப் பாட்ட மிக்ஸ் பண்ணி அனுப்பி, ரெண்டு தடவயும் திரும்பி வந்துட்டு. இன்னைக்கு இந்த நாற்காலியில உக்காந்து கேட்டுட்டு அவரு சரின்னு சொல்லணும். இல்லன்னா டிஸ்க எடுத்துட்டு சென்னைக்குப் போயிருவேன்னுட்டாரு. கல்யாணக் கச்சேரி, கோயில் கொடைத் திருவிழாப் பாட்டு, கிறிஸ்மஸ் பாட்டுன்னு இருவத்திரெண்டு வருசம் இந்தப் பாளையங்கோட்டையில ரெக்கார்டிங் பண்ணிட்டேன். படம்னு வந்தது இதுதான் மொதல்ல. இதையும் விட்டா இந்த ஆறுமுகநயினார அப்புறம் எவன் கூப்பிடப் போறான்.

ஸ்க்ரூ அந்தத் தட்டுல போடுங்க. உங்க நம்பர எங்க வீட்டம்மாதான் தந்தா. காலண்டர்ல எழுதி வச்சிருந்தா. அவளுக்கு எங்கன கிடைச்சுதோ, நானும் கேக்கல, அவளும் சொல்லல. இப்ப அவ எங்கிட்ட சாப்பிட வாங்கங்கிறதத் தவிர வேற பேசுறதில்ல. அதுவும் இந்தப் பயலாலதான்.

பயன்னா சின்னப்பய இல்ல. ஜெபசிங். முப்பத்தெட்டு வயசு ஆச்சு. பதினோரு வருசமா எங்கூட இருந்தான். சம்பளத்துக்கு இருக்கிற ஆள்னு நான் ஒருநாளும் நெனச்சதில்ல, ஸ்டுடியோவுல பாதி அவன்தான்னு ஊருக்கே சொல்லியிருக்கேன். நயினாருக்குக் கை, ஜெபசிங்குக்குக் காதுன்னு பாடுறவங்க பேசிக்கிடுவாங்க. சிரிச்சிக்கிட்டு விட்டுருவேன். எனக்கும் ரெண்டு காது இருக்கத்தான செய்யுது.

இந்த ஸ்பீக்கர் ஆவணியில வந்துச்சு. ஆம்ப்ளிஃபயர் உள்ளயே இருக்கிற வகை, உங்களுக்குத் தெரியாததா. நானா இருந்தா சுவத்தோட ஒட்டி மேசை மேல வச்சிட்டு அன்னைக்கே வேலைய ஆரம்பிச்சிருப்பேன். அவன் மூணு நாள் எடுத்தான் அண்ணாச்சி. மொதல்ல மேசை ரூமோட நீளவாக்கப் பாத்துத்தான் கிடக்கணும்னான். கிழக்கப் பாத்துதான் உக்காருவேன்னு நான் நின்னேன். ரூமு நீளவாக்குல கிழக்கதான போகுது, ரெண்டு பேரு சொன்னதும் ஒண்ணுதான்னு அவனே சிரிச்சான். அப்புறம் எங்க வீட்டம்மா பூக் கட்டுற நூல வாங்கி மூணு முடிச்சுப் போட்டான். இந்த ஸ்பீக்கருக்கும் அந்த ஸ்பீக்கருக்கும் எவ்வளவு தூரமோ, அதே தூரம் ஒவ்வொண்ணுலருந்தும் உக்காருற ஆளோட தலைக்கு இருக்கணும். நூலப் பிடிச்சுக்கிட்டு நான் நிக்கேன், அவன் முட்டிபோட்டு அளக்கான். சுவத்துலருந்து நாலு விரக்கடை முன்னால இழுத்தான். அப்பவும் அடிச்சத்தம், அந்த பேஸு, கூடுதலா கேக்குதுன்னு பின்னால இருக்கிற சுவிட்ச ஒரு படி குறைச்சான்.

பிறகு ஒரு பொம்பளக் குரலப் போட்டுட்டு, நாற்காலியில உக்காந்து கண்ண மூடிக்கிட்டான். அண்ணே இடது பக்கத்தக் கொஞ்சம் உள்ள திருப்புங்க. போதும். வலதுல ஒரு நூலு. ஐயோ கூடிட்டு, பழையபடி வைங்க. இப்படியே ரெண்டு நாளு. எனக்கு எரிச்சலா வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். மூணாவது நாள் சாயங்காலம், அண்ணே நீங்க உக்காருங்கன்னு எந்திரிச்சான். உக்காந்தேன். ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல என்ன இருக்கு, வெறும் சுவருதான. அந்தச் சுவத்துக்கு முன்னால அவ நிக்கா அண்ணாச்சி. நின்னு பாடுதா. அவ மூச்சு எடுக்கிறது தெரியுது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. ஏசிக் காத்துன்னு சொல்லித் தொடைச்சிக்கிட்டேன்.

உடனே அவன் தரையில ஸ்பீக்கரோட நாலு மூலைக்கும் டேப்பு ஒட்டினான். இனிமே இத யாரும் தொடக் கூடாதுண்ணே, அப்படின்னான். என் வீட்டு மாடியில, என் ஸ்பீக்கர, எங்கிட்டயே. சரி, பாசத்துல சொல்லுதான்னு அன்னைக்கு விட்டுட்டேன். இப்ப யோசிச்சாத்தான் ஒவ்வொண்ணா புரியுது.

என்ன அண்ணாச்சி, அந்த மேல் வட்டத்தையே பாக்கீங்க? டார்ச்சு வேணுமா? இந்தாங்க. அதுக்கு முன்னால இருக்கிறது சல்லடை மாதிரி கம்பி வலைதான். அத ஒண்ணும் செஞ்சிராதீங்க, நான் துளி அழுக்கு இல்லாம வச்சிருக்கேன்.

புரட்டாசி கடைசியில ஆயுத பூசை வந்துச்சு. வருசா வருசம் இந்த ரூமுலதான் பூசை. மைக்கு, மிக்ஸரு, ஹெட்போன், கீழ நிக்கிற பைக்கு வரைக்கும் எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் நான்தான் வைப்பேன், வேற யாரையும் விட மாட்டேன். ஜெபசிங் வாழக்கன்னு கட்டுவான், மாவெல தோரணம் கட்டுவான், பொரி சுண்டல் வாங்கிட்டு வீட்டுக்குப் போவான். கிறிஸ்மசுக்கு நாங்க குடும்பத்தோட அவன் வீட்டுல சாப்பிடுவோம். எங்களுக்குள்ள அந்த பேதமே கிடையாதுன்னுதான் நெனச்சிருந்தேன்.

இந்த வருசம் புது ஸ்பீக்கரு, மொத பூசை. சந்தனத்த நல்லா கெட்டியா குழைச்சேன். சூடம் எரியுது, வீட்டம்மா மணி அடிக்கா. மொதல்ல இடது பக்கத்துக்கு வந்தேன். பொட்டுன்னா எங்க வைப்போம், முகத்துலதான வைப்போம். கீழ பெரிய வட்டம் வாயி மாதிரி, மேல சின்ன வட்டம் நெத்தி மாதிரி இருக்கு. நெத்தியிலதான் வைக்கணும். மூணு விரல் நிறைய எடுத்து அதுல அப்பி, நடுவுல கட்டை விரலால குங்குமத்த நல்லா அழுத்தி வச்சேன். பாக்கவே லெச்சணமா இருந்துச்சு. அடுத்தது வலது பக்கத்துக்குப் போறேன், கையப் பிடிச்சிட்டான் அண்ணாச்சி. என் கைய. சூடம் எரிஞ்சிக்கிட்டிருக்கும்போது. "அண்ணே, அதுல வேண்டாம், மேல மரத்துல வைங்க"ங்கான்.

வலதுக்கு மரத்துலதான் வச்சேன். ஆனா பதினோரு வருசமா உள்ள இருந்தது இப்பத்தான் வெளிய வருதுன்னு தோணுச்சு. எங்க சாமிக்கு வைக்கிற பொட்டு அவனுக்கு ஆகல. வீட்டம்மா முன்னாடி கையப் பிடிக்கான்னா வேற என்ன அர்த்தம். பூசை முடிஞ்ச கையோட, இடது பக்கம் இருக்கிறத ஈரமா இருக்கும்போதே எடுத்துரட்டுமாண்ணேன்னு வேற கேட்டான். சாமிக்கு வச்சத அன்னைக்கே அழிக்கவான்னு கேட்டேன். பொரி சுண்டல வாங்கிட்டுப் போயிட்டான்.

மறுநாளு காலையில நானே ஈரத்துணிய விரல்ல சுத்தி, அழுத்தி அழுத்தித் தொடைச்சேன். காஞ்சு போயிருந்துச்சு, ஆனாலும் விடல. வெளிய ஒரு பொட்டுக் கறை தெரியாது. அவன் வந்தான், குனிஞ்சு அதையே ரொம்ப நேரம் பாத்தான். அந்த வலையக் கழட்டிப் பாப்போமாண்ணேன்னான். நான் தொடைச்சதுல அழுக்கு இருக்குன்னு சொல்ல வாரியா, புது சாமான கழட்டுனா வாரண்டி போயிரும்ல, போயி வேலையப் பாருன்னு சொன்னேன். அதோட அந்தப் பேச்ச அவன் எடுக்கல. எடுக்கவே இல்ல.

காப்பி வந்துட்டு. ஆறிரும், குடிச்சிட்டுப் பாருங்க. குடிக்கலயா? சரி, உங்க இஷ்டம்.

அதுக்குப் பொறவுதான் அண்ணாச்சி அந்தக் குரலு நகர ஆரம்பிச்சிது. நடுவுல நின்னவ வலது பக்கமா சாஞ்சு நிக்கா. இடது பக்கம் போர்வையப் போத்துன மாதிரி இருக்கு. சலங்கை சத்தம் இல்ல, ச, ஸ-ன்னு வர எழுத்தெல்லாம் மழுங்கிட்டு. நீ நகட்டுனியால-ன்னு கேட்டேன். இல்லண்ணேன்னான். டேப்பப் பாத்தா டேப்பு இருந்த இடத்துலதான் இருக்கு. அவனே திரும்ப ஒட்டியிருக்கலாம்லா, ஒட்டத் தெரிஞ்சவன்தான. சரி, நானே பாத்துக்கிடுதேன்னு பின்னால கூர்ச்சத்தத்துக்குன்னு இருக்கிற ட்ரெபிள் சுவிட்ச ஒரு படி கூட்டினேன். பத்தல, ரெண்டாவது படியும் கூட்டினேன். உள்ள திருப்பினேன், வெளிய திருப்பினேன், வலது சுவத்துல கனத்த ஜமுக்காளத்தத் தொங்கவிட்டேன். அந்தா, இன்னும் தொங்குது பாருங்க. நான் இவ்வளவும் செய்யுதேன், அவன் கையக் கட்டிக்கிட்டு கதவுப் பக்கம் நிக்கான். ஒரு வார்த்த பேசல. மடியில கனம் இல்லாதவன் பேசுவானா மாட்டானா, நீங்களே சொல்லுங்க.

படத்தையும் இதுலயே மிக்ஸ் பண்ணினோம். இடது பக்கம் மழுங்கிக் கேக்குதுன்னு இடது பக்கத்துக்கு நான் ட்ரெபிள ஏத்தினேன். கதாநாயகி பாட்டு வலதுல சாயுதுன்னு இடதுக்கு இழுத்தேன். இழுத்ததும் நடுவுக்கு வந்துட்டு, எனக்குத் திருப்தி. ஹெட்போன்ல ஒருக்கா கேட்டுப் பாருங்கண்ணே, அப்படின்னான் அவன். ஹெட்போன்ல கேக்கவா இத வாங்கினோம்னு கேட்டேன். அனுப்பினேன். தியேட்டர்ல போட்டுப் பாத்துட்டு சங்கரபாண்டி ஃபோன் பண்ணுதாரு, இடது பக்கம் காதக் குத்துது, கதாநாயகி திரையில நடுவுல நிக்கா, பாட்டு கக்கூஸ் போற வாசல்லருந்து வருதுன்னு. திருத்தி ரெண்டாம் தடவ அனுப்பினேன். அதே பேச்சுதான், கொஞ்சம் கெட்ட வார்த்தையோட.

அப்புறம் அவரே நேர்ல வந்துட்டாரு. இந்தா, இங்கன நின்னாரு. என்னதான் நடக்குது இங்கன்னு கேட்டாரு. எனக்கு முகம் எரியுது. ஜெபசிங் கதவுப் பக்கம் நிக்கான், கையக் கட்டிக்கிட்டு. வந்துட்டு அண்ணாச்சி, வாயில வந்துட்டு. ஆயுத பூசையிலருந்தே இவனுக்கு மனசுல ஒண்ணு இருக்கு சார், பொட்டு வச்சது பொறுக்கல, ஸ்பீக்கர என்னமோ செஞ்சிட்டான், என் பொழப்புல மண்ணப் போடுதான்னு சொல்லிட்டேன். வேத்தாள் முன்னாடி.

அவன் என்னப் பாத்தான். "நான் தொடலண்ணே"ன்னான். அவ்வளவுதான் பேசினான். சாவிய மேசையில வச்சான், பையத் தூக்கினான், போயிட்டான். பத்தொம்பது நாள் ஆச்சு. இப்ப ஏதோ ஒரு சர்ச்சுல பாட்டு ரெக்கார்டிங் பாக்கானாம். பாக்கட்டும். தப்பு செய்யாதவனா இருந்தா அன்னைக்கே எங்கூட மல்லுக்கு நின்னிருக்கணும். சட்டையப் பிடிச்சிருக்கணும். இப்படி வாய மூடிட்டுப் போவானா ஒருத்தன்?

நீங்க எதுக்கு அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டீங்க? லைட்டு இங்கனலா இருக்கு. வலையக் கழட்டியாச்சா? அந்தத் துணியில என்னத்த மடிக்கீங்க?

அதென்ன புது டப்பா, அந்த மேல் வட்டத்துல போடுற ட்வீட்டரா? கையோடயே கொண்டு வந்துட்டீங்களா. கொஞ்சம் இருங்க. ஃபோன்ல நான் சத்தம் சரியில்ல, வந்து பாருங்கன்னு மட்டும்தான சொன்னேன். எந்த ஸ்பீக்கருன்னு சொல்லல, என்ன மாடல்னு சொல்லல. இதுக்குச் சரியா இந்தச் சாமானு வேணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

கேட்டா பதில் சொல்லுங்க அண்ணாச்சி. ஏன் முழிக்கீங்க. இல்ல, பரவாயில்லங்கிற பேச்செல்லாம் வேண்டாம். அந்தத் துணிய இங்க குடுங்க. குடுங்கன்னா குடுங்க. இது என் வீட்டு ஸ்பீக்கரு.

என்னது இது.

மஞ்சளா, ஓடு மாதிரி காஞ்சுபோயி. வலையோட ஓட்டையெல்லாம் அதுல அப்படியே அச்சா பதிஞ்சிருக்கு. நடுவுல செவப்பு. இந்த வட்டம் குமிழு மாதிரி வெளிய உப்பி இருக்கணும்லா? உள்ள குழிஞ்சு போய்க் கிடக்கு. வலைய அழுத்துன அழுத்துல அது உள்ள போயி இடிச்சிருக்கு. என் கட்டை விரல் சரியாப் பொருந்துது பாருங்க. மோந்து பாத்தா இன்னும் வாசம் அடிக்குது.

இது சந்தனம்லா.

உக்காந்துக்கிடுதேன். இல்ல, அந்த நாற்காலி வேண்டாம். தரையிலயே இருக்கேன்.

சொல்லுங்க, இனிமே ஒளிக்க என்ன இருக்கு. யாரு உங்ககிட்ட சொன்னா? ஜெபசிங்கா. என்ன சொன்னான்? ஒண்ணு விடாம சொல்லுங்க.

இடது பக்க ட்வீட்டர் போயிருக்கும், புதுசு வரவழைச்சு வைங்கன்னு சொன்னானா. சரி. அண்ணே உங்களக் கூப்பிடும்போது போயி, அண்ணே பாக்காம மாத்திக் குடுத்திருங்கன்னு சொன்னானா. சாமிக்கு வச்சது, அதனாலதான் கெட்டுச்சுன்னு தெரிஞ்சா அண்ணே மனசு ரொம்பக் கஷ்டப்படும்னு. அப்படியா சொன்னான்? அதே வார்த்தையா? நம்பர வீட்டம்மாகிட்ட குடுத்து வச்சிருக்கேன்னும் சொன்னானா. அப்ப அவளுக்கும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டுத்தான் சோத்த மட்டும் போட்டுக்கிட்டு இருந்திருக்கா.

எப்ப அவன் உங்களுக்கு ஃபோன் பண்ணினது? போன வாரமா? இல்ல? தேதி இருக்கும்லா உங்க ஃபோன்ல, பாத்துச் சொல்லுங்க.

அண்ணாச்சி, அது சங்கரபாண்டி இங்க வரதுக்கு நாலு நாள் முன்னாடி.

அப்ப அன்னைக்கு, நான் அந்தப் பேச்சு பேசும்போது, அவன் இந்தச் சாமானுக்குச் சொல்லி வச்சிட்டு, வரட்டும்னு காத்துக்கிட்டுத்தான் அந்தக் கதவுப் பக்கம் நின்னிருக்கான். ஒரு வார்த்த சொல்லியிருந்தாப் போதும். உங்க சந்தனந்தாண்ணே-ன்னு சங்கரபாண்டி முன்னாடி சொல்லியிருந்தா என் மானம் போயிருக்கும், அவன் மானம் நின்னிருக்கும். சொல்லல. கையப் பிடிச்சதுக்கே நான் என்ன நெனச்சேன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அதுக்கு மேல எந்த வாயால சொல்லுவான். நான் தொடலங்கிறதோட நிறுத்திக்கிட்டான். நான்லா அண்ணாச்சி பாவி. இந்த ரூமுல கெட்டது ஒண்ணே ஒண்ணு, அத என் கையாலயே கெடுத்துட்டு, அவன் தலையில போட்டேன்.

மாட்டுங்க நீங்க. மாட்டுங்க. நான் அழுகுறதப் பாத்துக்கிட்டு நிக்காதீங்க, மணி ஓடுது. ஸ்க்ரூ தட்டுல இருக்கு, நாலும் இருக்கான்னு பாத்துக்கிடுங்க. பின்னால நான் ஏத்தி வச்ச ட்ரெபிள் சுவிட்ச ரெண்டு படியும் கீழ இறக்கீருங்க, அவன் வச்ச இடத்துக்கே வரட்டும். பேஸு சுவிட்சத் தொடாதீங்க, அது அவன் வச்சது. அந்த ஜமுக்காளத்த நான் அவுத்துருதேன். ஸ்பீக்கர இந்த டேப்புக்குள்ள வைங்க, நாலு மூலையும் சரியா உக்காரணும். இந்தா நூலு, டிராயர்லயே இருக்கு, முடிச்சு அவுரல. ஒரு முனையப் பிடிங்க. சரியா வந்துட்டு. பாத்தியளா, அவன் சொன்னதுதான் நிசம், நகரவே இல்ல.

போடுதேன். அதே பொம்பளக் குரலு.

வந்துட்டா. நடுவுல நிக்கா. தரையில உக்காந்திருக்கிற எனக்கே தெரியுது.

இப்ப நான் படத்தப் போட்டா, அவ இடது பக்கத்துல கிடந்து கத்துவா. அத்தனையும் நான் ஏத்தி வச்சது. நாலு மணிக்குள்ள ஆறு பாட்டையும் திருத்தணும். கை என்னால முடியும், காது என்னால முடியாது. இப்ப ஜெபசிங்குக்கு ஃபோன் போட்டா, அதுக்குத்தான் கூப்பிடுதேன்னு அவன் நெனச்சிட்டா? நெனைக்கட்டும். படம் போனாப் போகுது, சங்கரபாண்டி வந்ததும் இந்தத் துணியத்தான் மொதல்ல காட்டப் போறேன். வேத்தாள் முன்னாடி சொன்னத வேத்தாள் முன்னாடிதான் திருப்பி வாங்கணும்.

எங்க எந்திரிச்சிட்டீங்க? இருங்க அண்ணாச்சி. போயிராதீங்க, நீங்க பக்கத்துல இருக்கணும். எல்லாருக்கும் கேக்கிற மாதிரி ஃபோன ஸ்பீக்கர்லயே போடுதேன். வீட்டம்மாவையும் மேல வரச் சொல்லுதேன். ஏ பிரமு, இங்க வா, செத்த வந்து நில்லு.

ரிங் போகுது. எடுக்க மாட்டான். எடுக்கலன்னா திரும்ப அடிப்பேன்.

எடுத்துட்டான். பின்னால ஆர்மோனியம் கேக்குது.

ஜெபா. நான்தான்ல. வைக்காத, ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிடுதேன். மதுரை அண்ணாச்சி இருக்காரு, உங்க மதினியும் பக்கத்துல நிக்கா, ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டு இருக்காங்க.

நீ தொடல ஜெபா. நான்தான் தொட்டேன்.